கஸ்பார் பூட்டி வந்த மணி

"எனக்குப் பதிலா நீங்க செபிங்க, சிஸ்டர். நான் செபிச்சா எம் பிள்ளை செத்துருவான்."

கதவைத் திறந்த சிஸ்டர் எஸ்கலின் முதலில் பார்த்தது, படியில் நின்றவரின் கால்களை. செருப்பு இல்லை. முழங்கால் வரை ஈர மணல் ஒட்டியிருந்தது.

வந்தவர் கஸ்பார். மாதா கோயிலின் கோயில்பிள்ளை. பூசைக்கு மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பீடத்தைத் துடைப்பது, சாமியார் மறந்துபோன அறிவிப்பை அவர் காதில் ஓதுவது எல்லாம் கஸ்பாரின் வேலை.

சிஸ்டரைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் ஊர் எல்லையில் இருந்த சிஸ்டரின் செபக்கூடத்துக்கு வாரம் தவறாமல் வருவார். விசுவாசத்தோடு செபிப்பது எப்படி என்று கேட்பார். சிஸ்டர் ஏதாவது சொல்வார், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிடுவார். வருஷக்கணக்காக இது நடக்கிறது. கோயில்பிள்ளை இன்னும் அரிச்சுவடியே தாண்டவில்லையா என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இன்று கேலி பேச ஊருக்குள் ஆள் இல்லை. எல்லோரும் கடற்கரையில் நின்றார்கள்.

"உள்ள வாங்க," என்றார் சிஸ்டர்.

"வரமாட்டேன். நீங்க முழங்கால் போடுங்க. இப்பவே போடுங்க."

"வள்ளம் வந்துட்டா?"

"வரலை."

ராத்திரி கடலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் விடியற்காலையில் மழை இறுகுவதற்கு முன்னால் கரை சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. அதில் கஸ்பாரின் மகன் இன்னாசி இருந்தான்.

மழை என்றால் சாதாரண மழை இல்லை. கரையில் நின்றால் அலையின் சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. இன்னாசியின் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த ஊருக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறை வரிசை உண்டு. நடுவில் ஒரே ஒரு வழி. அந்த வழி கோயில் கோபுரத்துக்கு நேர் எதிரே. கோபுரம் கண்ணுக்குத் தெரியாத நாளில் மணி அடிப்பார்கள். நிறுத்தாமல், அவசர அவசரமாக. சத்தம் வரும் பக்கம் வள்ளத்தைத் திருப்பினால் பாறையில் மோதாமல் கரைக்கு வந்துவிடலாம். கரை மணி என்று அதற்குப் பெயர்.

அதே மணியைச் சாவுக்கும் அடிப்பார்கள். ஒரு அடி. பிறகு நிறுத்தம். மறுபடி ஒரு அடி. பிறகு நிறுத்தம். அது துக்க மணி.

"கரை மணிதான் அடிச்சேன், சிஸ்டர்," என்றார் கஸ்பார். "ரொம்ப நேரம் அடிச்சேன். அடிக்க அடிக்க, எம் பிள்ளை தண்ணிக்குள்ள கெடக்க மாதிரியே கண்ணுல தெரிஞ்சுது. கண்ண மூடினாலும் தெரிஞ்சுது. கை ஓஞ்சு போச்சு. எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியலை."

"என்ன மாறுச்சு?"

"துக்க மணி அடிச்சிருக்கேன்."

சிஸ்டர் கதவை இன்னும் அகலத் திறந்தார்.

"எம் மவனுக்கு நானே துக்க மணி அடிச்சிருக்கேன். கீழ பொம்பளையள் சத்தம் கேட்டுத்தான் எனக்கு உறைச்சுது. பொணம் ஒதுங்கிட்டுன்னு நெனச்சு தலையில அடிச்சுக்கிட்டு ஓடி வாராளுவ. எல்லாருக்கும் முன்னால எம் மருமவ வாரா. வயித்துப் பிள்ளையோட ஓடி வாரா, சிஸ்டர்."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. பின்வாசல் வழியா ஓடியாந்துட்டேன்."

கஸ்பார் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் மருமகளுக்குப் பயந்து பின்வாசல் வழியாக ஓடுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"கை தப்பிட்டு," என்றார் சிஸ்டர். "ஓஞ்சுபோன கை. அவ்வளவுதான்."

"கை தப்பலை. மனசுல இருக்கதத்தான் கை அடிச்சுது. எம் மனசுல அவன் செத்துட்டான். அப்படின்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னுதான அர்த்தம்?"

சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்தார்.

"தவக்காலத் தியானத்துக்கு வந்த பிரசங்கியார் சொன்னாரே, நீங்களும் கேட்டீங்க. சந்தேகத்தோட செபிக்கவன் தன் காரியத்தைத் தானே கெடுக்கான்னாரு. அரை மனசா கேட்டா ஆண்டவர் கையில இருக்கதையும் எடுத்துருவாருன்னாரு."

"அந்தப் பிரசங்கியார் சத்தமா பேசினார். அது ஞாபகம் இருக்கு."

"இப்ப நான் வாயத் தொறந்து, ஆண்டவரே எம் பிள்ளையக் காப்பாத்தும்னு சொல்லுதேன்னு வையுங்க. உள்ளுக்குள்ள செத்துட்டான் செத்துட்டான்னு ஓடிக்கிட்டே இருக்கு. ஆண்டவர் காதுல எது விழும்? வாய் சொல்லுததா? உள்ள ஓடுததா?"

சிஸ்டர் கடல் இருக்கும் பக்கம் பார்த்தார்.

"மாதாவுக்கு வெள்ளியில வள்ளம் செஞ்சு வைக்கேன்னு நேரலாம்னு பாத்தேன். அதுக்கும் வாய் வரலை. நம்பாம நேர்ந்தா அது ஏமாத்துதானே. அதனாலதான் உங்ககிட்ட ஓடியாந்தேன். உங்களுக்கு விசுவாசம் இருக்கு. நீங்க சொன்னா நடக்கும்."

"விடிஞ்சதுலருந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

"ஆண்டவர் என்ன சொன்னாரு?"

சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார்.

கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரில் நடுங்குவது வேறு. அந்த வித்தியாசம் கஸ்பாருக்குத் தெரியும். அவருடைய கைகளும் அப்படித்தான் இருந்தன. சிஸ்டரின் விரல்களில் சுற்றியிருந்த செபமாலையின் மணிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

"உங்களுக்கும் பயமா?"

"இன்னாசிக்குச் சின்ன வயசுல புதுநன்மைக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தது நான். பயம் இல்லாம எப்படி இருக்கும்?"

"பயம் இருக்கட்டும். வருவான்னு உள்ள ஒரு உறுதி இருக்குமே?"

"தேடிப் பாத்தேன். இல்லை."

கஸ்பாருக்கு அழுகை வந்தது. ஊரில் எல்லோருடைய விசுவாசமும் ஏறும், இறங்கும். இந்த ஒரு வீட்டில் மட்டும் அது வற்றாத கிணறாக இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அந்த நினைப்பில்தான் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தார். இப்போது எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் தெரியவில்லை.

"உங்களுக்கே இல்லைன்னா, அந்தப் பிள்ளைக்காக யாருதான் பேசுறது?"

சிஸ்டர் தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார். மழைச் சத்தம். அதற்குப் பின்னால் கடல். வேறு ஒன்றும் இல்லை.

"கோயில்பிள்ளை, இப்ப மணி யாரு அடிக்கா?"

"யாரும் அடிக்கலை."

"வாலிபப் பிள்ளையள்ல யாராவது?"

"கோபுரத்தப் பூட்டிட்டு வந்துட்டேன்."

மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். பெரிய பழைய இரும்புச் சாவி.

"எங் கை திரும்பவும் அதையே அடிச்சிருமோன்னு பயந்து பூட்டினேன்."

சிஸ்டரின் முகம் வெளுத்தது. கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

"வாங்க."

"நான் அடிக்க மாட்டேன், சிஸ்டர்."

"வாங்க."

"சாவியத் தாரேன். நீங்க போங்க."

"உங்களை அடிக்கச் சொல்லலை. கூட வாங்க."

கடற்கரை வழியாக நடந்தார்கள். அதுதான் குறுக்குவழி. எதிரே வருவது என்ன என்று பக்கத்தில் வரும்வரை தெரியவில்லை. கஸ்பார் குனிந்த தலையோடு நடந்தார். தண்ணீர்ப் பக்கம் பார்க்கக் கூடாது என்று அவருக்கு அவரே உத்தரவு போட்டிருந்தார். பார்த்தால் எதையாவது பார்த்துவிடுவோம் என்ற பயம்.

பார்த்துவிட்டார்.

நீல நிறக் கேன் ஒன்று அலையில் உருண்டு வந்து மணலில் ஒதுங்கியது. வள்ளக்காரர்கள் குடிதண்ணீர் கொண்டுபோகும் கேன்.

கஸ்பார் அங்கேயே நின்றுவிட்டார்.

"அவன் கேன் நீலம்," என்றார்.

"எல்லார் கேனும் நீலம்தான்."

"அவன் அடியில பேரு எழுதியிருப்பான்."

"திருப்பிப் பாருங்க."

"மாட்டேன்."

சிஸ்டர் குனிந்து கேனைத் திருப்பினார். திருப்புவதற்கு முன்னால் அவரும் ஒரு நிமிஷம் தயங்கினார். அதைக் கஸ்பார் கவனித்தார். அடியில் பெயர் இல்லை. சிப்பி பிடித்திருந்தது. எத்தனையோ நாளாகக் கடலில் கிடந்த பழைய கேன்.

"நல்ல அடையாளமா, சிஸ்டர்?"

"பழைய கேன்," என்றார் சிஸ்டர். "நடங்க."

கோயிலுக்கு எதிரே கரையில் ஜெசிந்தாவை உட்காரவைத்திருந்தார்கள். இன்னாசியின் மனைவி. ஏழாம் மாதம். சுற்றிலும் பெண்கள், சாவு வீட்டில் உட்காரும் விதமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி ஜெசிந்தாவின் தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். ஒப்பாரி இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன்னால் வரும் முனகல் தொடங்கிவிட்டது.

தண்ணீர் ஓரத்தில் கயிறுகளோடு காத்திருந்த வாலிபர்களில் சிலர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். துக்க மணி அடித்து ஓய்ந்த பிறகு கரையில் என்ன வேலை, கோபுரத்தில் என்ன வேலை? கோயில்பிள்ளை அடித்தால் தெரிந்துதான் அடித்திருப்பார் என்று ஊர் முழுக்க நம்பியது. சந்தேகம் ஒருவருக்கும் இல்லை.



ஜெசிந்தா மாமனாரைப் பார்த்து எழுந்தாள்.

"மாமா, எங்க கெடக்காவ? என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"இல்லம்மா. யாரும் எங்கயும் கெடக்கலை."

"துக்க மணி அடிச்சீயளே."

"அடிச்சேன்."

"சேதி வந்துதா?"

"வரலை."

"சேதி வராமலா அடிச்சீய?"

முனகல் நின்றுபோனது. மழை மட்டும் பெய்தது.

அவள் திட்டியிருந்தால் கஸ்பார் தாங்கியிருப்பார். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டை போட்டாள். ஈரத்தில் அது நிற்கவில்லை, சரிந்தது. மறுபடி அள்ளி இறுக்கிப் போட்டாள். பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

வாலிபர்கள் சுருட்டிய கயிற்றை மறுபடி அவிழ்த்தார்கள்.

கோபுரக் கதவைச் சிஸ்டர்தான் திறந்தார். கஸ்பாரின் கை சாவித் துவாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

உள்ளே அரை இருட்டு. வௌவால் நாற்றம். மேலேயிருந்து கயிறு தொங்கியது. கஸ்பாரின் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன கயிறு.

சன்னலில் மெழுகுதிரி நறுக்கும் கத்தி கிடந்தது. சிஸ்டர் அதை எடுத்தார். கஸ்பாரிடம் நீட்டினார்.

"அறுங்க."

"எதை?"

"கயித்தை."

கஸ்பாருக்குப் புரியவில்லை. கயிற்றைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் சொல்லுதீய?"

"உங்களுக்கு விசுவாசம் இல்லை. உள்ள நல்லா பாத்துட்டீங்க. அவன் செத்துட்டான்னு உங்க மனசுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"எனக்கும் ஒரு உறுதியும் இல்லை. எங் கையப் பாத்தீங்க. பெறகு இந்தக் கயிறு எதுக்குத் தொங்குது? அறுத்துப் போட்டுருங்க. இனிமே கை தப்பிருமோன்னு பயப்பட வேண்டாம்."

பரீட்சை வைக்கிறாரோ என்று கஸ்பார் அவர் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒன்றும் அங்கே தெரியவில்லை. சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார்.

கஸ்பார் கத்தியை வாங்கினார்.

இடது கையால் கயிற்றைப் பிடித்தார். தலைக்குச் சற்று மேலே கத்தியை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார்.

ஒரு புரி அறுந்தது. சின்னச் சத்தம்தான். கோபுரத்துக்குள் அது பெரிதாகக் கேட்டது.

இன்னும் ஒரு இழுப்பு போதும். கை எழுந்தது.

அப்போது அவருக்கு ஒரு பயம் வந்தது. அதுவரை இருந்த பயம் இல்லை. அதுவரை, மகன் செத்துவிட்டான் என்று பயந்தார். இந்தப் பயம் வேறு.

உயிரோடு இருந்தால்?

பாறைக்கு அந்தப் பக்கம், மழைக்குள், வள்ளத்தில் உட்கார்ந்து, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், எந்தச் சத்தமாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால்? முதலில் கரை மணியைக் கேட்டு வள்ளத்தைத் திருப்பி, பாதி வழியில் துக்க மணியைக் கேட்டிருந்தால்? பிறகு ஒன்றுமே கேட்காமல், இப்போதும் இருந்தால்?

அவர் செபக்கூடத்துப் படியில் நின்று பேசிய நேரம் முழுக்க. கேனைத் திருப்ப மாட்டேன் என்று நின்ற நேரம் முழுக்க.

கத்தி கீழே கிடந்தது. போட்டாரா நழுவியதா என்று அவருக்கே தெரியாது.

கயிற்றில் அறுந்த இடத்துக்கு மேலே எட்டிப் பிடித்தார். உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினார்.

மேலே மணி புரண்டது. முதல் அடி விழுந்தது. அடுத்தது உடனே. அதற்கடுத்தது உடனே. வௌவால்கள் கலைந்து பறந்தன.

கரையில் யாரோ கத்தினார்கள். என்ன என்று கேட்கவில்லை.

சிஸ்டர் ஓர் ஓரமாக, எச்சம் கிடந்த தரையிலேயே முழங்கால் போட்டார். கைகளைச் சேர்த்துப் பிடித்தார்.

"சிஸ்டர்," என்று மணிச் சத்தத்துக்கு மேலே கத்தினார் கஸ்பார். "எனக்கு இன்னும் விசுவாசம் வரலை."

"அடிங்க."

"பயமா இருக்கு. முன்னவிட ஜாஸ்தியா இருக்கு."

"எனக்கும்தான். அடிங்க."

"கயிறு அந்துருமோன்னு வேற இருக்கு."

"மேல புடிச்சு அடிங்க."

அடித்தார். தோள் எரிந்தது. உள்ளங்கை தோல் உரிந்தது. கண்ணுக்குள் இன்னாசி இன்னமும் தண்ணீரில் கிடந்தான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தார்.

"சிஸ்டர், அவனுக்கு இது கேக்குமா?"

"தெரியாது."

"நீங்க செபிக்கது ஆண்டவருக்குக் கேக்குமா?"

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"கேக்குமா கேக்காதான்னு தெரியாமலா விடிஞ்சதுலருந்து முழங்கால் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

சிஸ்டர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க தெரிஞ்சுக்கிட்டா அடிக்கிறீங்க?"

கஸ்பார் வாயைத் திறந்தார். கை ஓயப் பார்த்தது. பதிலை விட்டுவிட்டு, கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார்.